சர்க்கரைக்கு மீட்டர் இருக்கு, உப்புக்கு?

கடந்த அக்டோபரில் அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து மாண்ட்ரியலுக்கு வந்தார்கள். அப்பாவுக்கு வயது 66, பதிமூன்று வருடமாகச் சர்க்கரை நோய். டீயில் சர்க்கரை கிடையாது. மதியம் அளந்து ஒரு கப் சோறு, ராத்திரி இரண்டு சப்பாத்தி. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே, "எச்பிஏ1சி 6.9 தான்ப்பா, எல்லாம் கன்ட்ரோல்ல இருக்கு" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஜனவரியில், வெளியே மைனஸ் இருபது டிகிரி குளிரில், அவர் கால் வீங்க ஆரம்பித்தது. கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். ரத்த அழுத்தம் 164/92. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறது என்று பரிசோதனை முடிவு வந்தது. சிறுநீரகத்தின் வடிகட்டி சேதமாவதற்கான ஆரம்ப அறிகுறி அது. டாக்டர் கேட்ட கேள்வி ரொம்பச் சாதாரணமானது: "ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு சாப்பிடுகிறீர்கள்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் என் மனைவியைப் பார்த்தேன். எத்தனை கிராம் சோறு, எத்தனை இட்லி என்பதெல்லாம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அத்துப்படி. உப்புக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

நான் மென்பொருள் பொறியாளர். பார்க்கிற வேலையின் பழக்கம், அளக்காமல் எதையும் நம்ப முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உப்பு டப்பாவைச் சமையலறைத் தராசில் வைத்து எடை போட்டேன். அதற்கடுத்த ஞாயிறு மறுபடியும். ஒரு வாரத்தில் 196 கிராம் குறைந்திருந்தது. நாலு பெரியவர்கள், ஏழு நாள். ஆளுக்குத் தினம் 7 கிராம். இது சமையலில் போட்டது மட்டும்.

அதன்பிறகு பாட்டில், பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். அப்பா தினம் தொட்டுக்கொள்ளும் ஒரு மேசைக்கரண்டி மாங்காய் ஊறுகாயில் 750 மில்லிகிராம் சோடியம். இரண்டு அப்பளத்தில் 400. "சுகருக்கு நல்லது" என்று நாங்களே வாங்கிக்கொடுத்த மசாலா ஓட்ஸ் ஒரு பாக்கெட்டில் இன்னொரு 400. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 1,550 மில்லிகிராம் சோடியம் என்றால் கிட்டத்தட்ட 4 கிராம் உப்பு. ஆக மொத்தம் நாளைக்கு 11 கிராம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. உலக சராசரியே கிட்டத்தட்ட 11 கிராம் என்று அதே நிறுவனம் சொல்கிறது. எங்கள் வீடு ஒன்றும் விதிவிலக்கு இல்லை என்பதுதான் இதில் பயமுறுத்துகிற விஷயம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உப்பில் மாவுச்சத்து கிடையாது. உப்பு சாப்பிட்டதும் குளுக்கோமீட்டரில் எண் ஏறாது. அதனால்தான் அது நம் கண்ணில் படாமலே தப்பிக்கிறது. விரலில் ஒரு குத்து, ஐந்து விநாடியில் ஜாங்கிரி மாட்டிக்கொள்ளும். ஊறுகாய் மாட்டாது. அது வேலை செய்வது ரத்த அழுத்தத்தில். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது, ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறுகிறது. இன்சுலின் அளவு கூடினால் சிறுநீரகம் சோடியத்தை இன்னும் அதிகமாகத் தேக்கிவைக்கும். எனவே சர்க்கரை நோயாளிகளுக்கு உப்பின் பாதிப்பு கூடுதலாகவே இருக்கும். சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சர்க்கரை ஒரு பக்கம் அரிக்க, அழுத்தம் இன்னொரு பக்கம் அடிக்கிறது.

இதன் மறுபக்கம் நல்ல சேதி. சர்க்கரை நோயாளிகளிடம் உப்பைக் குறைத்துப் பார்த்த சோதனைகளைத் தொகுத்து, காக்ரேன் அமைப்பு 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மேல் ரத்த அழுத்தம் சுமார் 7 புள்ளிகள் இறங்கியிருந்தது. ஒரு பி.பி. மாத்திரை செய்கிற வேலைக்குச் சமம் இது.

இந்தியாவில் இது எத்தனை பேரின் பிரச்சினை? ஐசிஎம்ஆர் நிதியுதவியில் சென்னை டாக்டர் மோகன் குழுவினர் நடத்தி, 2023-ல் வெளியான ஆய்வின்படி 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அதே ஆய்வில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். இரண்டும் சேர்ந்தே இருக்கிற வீடுகள் நம் ஊரில் நிறைய.

இனி கடைக்கு வருவோம். இங்கே பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், ஜான் தாலோன் தெருவில் நம் சாமான்கள் எல்லாம் கிடைக்கும். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கையில் எடுத்து, "இதென்னப்பா, பூதக்கண்ணாடி படம் போட்டிருக்கு?" என்றார்.

கனடா கொண்டுவந்த விதி அது. நிறைவுற்ற கொழுப்பு, சர்க்கரை, சோடியம் இவற்றில் ஏதாவது அளவுக்கு மீறி இருந்தால், பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே பூதக்கண்ணாடிச் சின்னத்தோடு எச்சரிக்கை அச்சிட வேண்டும். 2022-ல் அறிவித்து, கம்பெனிகளுக்கு அவகாசம் கொடுத்து, 2026 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கிவிட்டார்கள். அப்பாவுக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்துத் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறைதான். ஆனால் அந்தப் படம் புரிந்தது. பாட்டிலை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டார்.

அதே கம்பெனியின் அதே ஊறுகாய் மதுரையில் எங்கள் தெருமுனைக் கடையிலும் இருக்கிறது. அங்கே தங்கையை வீடியோ காலில் காட்டச் சொன்னேன். முன்பக்கத்தில் மாங்காய் படம்தான் இருக்கிறது, எச்சரிக்கை எதுவும் இல்லை. கனடாவில் விற்கும்போது சொல்ல முடிகிற உண்மையை மதுரையில் சொல்ல என்ன தடை?

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 செப்டம்பரில் ஒரு வரைவு வெளியிட்டது. எச்சரிக்கைக்குப் பதில் நட்சத்திர மதிப்பெண் தரும் யோசனை அது. உப்புக்கு மதிப்பெண் குறையும், நார்ச்சத்துக்கும் பருப்புக்கும் கூடும். கூட்டிக் கழித்தால் உப்பு அதிகமுள்ள நொறுக்குத் தீனிக்கும் ஓரிரண்டு நட்சத்திரம் கிடைத்துவிடும். நட்சத்திரத்தைப் பார்க்கிறவருக்கு அது பரிசு மாதிரிதான் தெரியும். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதில் முடிவெடுக்க மூன்று மாத அவகாசம் கொடுத்தது. சிலி நாடு 2016-லேயே கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கிவிட்டது. நமக்கும் நட்சத்திரம் வேண்டாம். படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற ஒரு எச்சரிக்கைச் சின்னம் போதும்.

தமிழக அரசிடமும் ஒரு கோரிக்கை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம். மாத்திரை கொடுக்கிற அந்தக் கையே, "மாசத்துக்கு எத்தனை கிலோ உப்பு வாங்குறீங்க? வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் அல்புமின் பரிசோதனையும் எல்லாச் சர்க்கரை நோயாளிகளுக்கும் நடந்தே ஆக வேண்டும். அப்பாவுக்குப் பதிமூன்று வருடத்தில் அது ஒருமுறைகூடச் செய்யப்படவில்லை. கேட்கத் தெரியாமல் இருந்த எங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அரசு செய்கிறவரை காத்திருக்க வேண்டியதில்லை. உப்பு டப்பாவை எடை போடுங்கள். பாக்கெட்டின் பின்னால் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். குளுக்கோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு பி.பி. மெஷினும் இருக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். இந்துப்பு வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். அடுத்தது, பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பு. சீனாவில் 600 கிராமங்களில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், இந்த உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சில பி.பி. மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஆபத்தாகிவிடலாம். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். உப்பை ஒரேயடியாக நிறுத்துவதும் தப்பு. மிகக் குறைவான உப்பு நல்லதா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் விவாதம் உண்டு. ஆனால் 11 கிராமில் இருக்கிற நாம் 5-ஐ நோக்கி இறங்குவதற்கு அந்த விவாதம் சாக்கு இல்லை.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க" என்று அம்மா முதல் வாரம் முணுமுணுத்தார். எலுமிச்சை, புளி, மிளகு, சீரகத்தை வைத்துச் சமாளித்தோம். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. போன ஞாயிறு டப்பாவை எடை போட்டபோது வாரத்துக்கு 126 கிராம், ஆளுக்கு நாலரை. ஊறுகாய் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் விரல் நுனியளவு.

அப்பாவின் பி.பி. இப்போது 134/80. புதிதாக மாத்திரையும் சாப்பிடுகிறார், அதனால் எது மாத்திரையின் வேலை, எது உப்பைக் குறைத்ததன் பலன் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கசிந்த புரதம் குறைகிறதா என்று அடுத்த மாதப் பரிசோதனையில்தான் தெரியும். அதற்காகக் காத்திருக்கிறோம். நேற்றுக் காலை மீட்டரில் சுகரைப் பார்த்துவிட்டு, அப்பா தானாகவே பி.பி. மெஷினின் பட்டையையும் கையில் சுற்றிக்கொண்டார்.