“வேறு” என்னும் பெயர் நமக்கு வேண்டா!

கைக்கடிகாரம் பெங்களூருக்குப் புதியதன்று. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்திடம் தொழில் கற்று, 1961-ஆம் ஆண்டில் எச்.எம்.டி. இந்நகரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையை அமைத்தது. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016-இல் நடுவண் அரசு முடிவெடுத்தது. அக்கடிகாரங்கள் நேரத்தை மட்டுமே சொல்லின. இன்றைய ஸ்மார்ட் கைக்கடிகாரமோ, நாம் நடந்ததற்கும் ஓடியதற்கும் உறங்கியதற்கும் கணக்கு எழுதுகிறது. அக்கணக்கு யாருடைய பட்டியலைக் கொண்டு எழுதப்படுகிறது? இதுவே என் கேள்வி.

நான் அறிவியல் முதுகலை மாணவன். செயலி எழுதுவதில் தொடக்கநிலையினன். உடற்பயிற்சியைக் குறித்துவைக்கும் கடிகாரச் செயலி ஒன்றை மாலை வேளைகளில் எழுதி வருகிறேன். ஆண்ட்ராய்டுச் செயலிகள் உடல்நலக் குறிப்புகளைத் தம்முள் பகிர்ந்துகொள்ளக் கூகுள் வகுத்த ஏற்பாடு ஹெல்த் கனெக்ட் என்பது. அதன் பயிற்சிப் பட்டியலைப் படித்தேன். பனிக்காலணி பூண்டு நடப்பதற்கு அதில் இடம் உண்டு. ஐஸ் ஹாக்கிக்கு இடம் உண்டு. பிரிஸ்பி தட்டு வீசவும் இடம் உண்டு. 1990 முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆடப்படும் கபடிக்கு நான் படித்த பட்டியலில் இடமில்லை. சிலம்பம், “தற்காப்புக் கலை” என்ற பொதுப் பெயரில் கரைந்துபோகிறது. கபடிக்குக் கிடைப்பது “வேறு பயிற்சி” என்ற மூலைதான்!

“பெயரில் என்ன இருக்கிறது? வியர்வை வந்தால் போதாதா?” என்பர் சிலர். நண்பர்களே, பெயரில்தான் கணக்கே இருக்கிறது. கடிகாரத்திலுள்ள முடுக்கமானி மணிக்கட்டின் அசைவை அளக்கிறது. தோலின்மீது பாயும் பச்சை ஒளி நாடித்துடிப்பை அறிய உதவுகிறது. மற்றவையெல்லாம் பெரும்பாலும் ஊகமே. இன்ன அசைவுக்கு இன்ன பெயர் என்று மனிதர் கற்பித்தால்தான் கருவி கண்டுகொள்ளும். தண்டால் எடுக்கும்போது உள்ளங்கை தரையில் ஊன்றி நிற்கிறது. உடல் ஏறி இறங்க, மணிக்கட்டு ஏறக்குறைய அசையாதிருக்கிறது. கடிகாரம் எதை எண்ணும்? பஸ்கியில் கையும் உடலோடு தாழ்ந்து எழுவதால் எண்ணலாம். சிலம்பத்திலோ காலடி ஒரு தாளம், மணிக்கட்டு வேறொரு தாளம். நடைக்கு வகுத்த விதி அங்கே செல்லுமா?

2017-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தனர். நாடித்துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 விழுக்காட்டுக்குள் அடங்கிற்று. செலவான கலோரியிலோ, மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது. நடைக்கும் ஓட்டத்துக்கும் மிதிவண்டிக்குமே இந்நிலை என்றால், கருவி அறியாத கர்லாக்கட்டைக்கு என்ன நிலை?

“பெரிய நிறுவனங்கள் செய்யட்டும், கற்றுக்குட்டிக்கு இவ்வேலை ஏன்?” என்றும் கேட்கின்றனர். நிறுவனம் சந்தையை நாடும்; அது அதன் இயல்பு. கற்பவனுக்கோ அக்கட்டு இல்லை. அவனுக்கு வேண்டியதும் பெரிதன்று: தமிழில் ஒரு பட்டியல், தொடங்க ஒரு பொத்தான், முடிக்க ஒரு பொத்தான், எண்ணுவதற்கு ஒரு தட்டு. தண்டாலைக் கருவி எண்ணாவிடில் மனிதன் எண்ணிக் குறிக்கட்டும். கபடிக் களத்தில் கடிகாரம் கட்டி இறங்குவது எதிராளிக்கு ஆபத்து. ஆட்டம் முடிந்தபின் குறிக்கட்டும். கலோரி தெரியவில்லையெனில் அவ்விடம் வெறுமையாகவே இருக்கட்டும். பொய்க்கணக்கைவிட அது நேர்மையானது.

படிப்பை நாடி இந்நகருக்கு வந்த நமக்கு இது தக்க பணி. நம்மிடையே சிலம்பம் ஆடுவோர் உளர். அவர்தம் இசைவோடு அசைவுகளைப் பதிவு செய்வோம். கணினி பயில்வோர் விதி எழுதட்டும். தமிழ் அறிந்தோர் பெயர்களைத் திருத்தித் தரட்டும். மைசூர்ப் பக்கத்தில் “கரடி மனை” எனப்படும் மல்லர் பயிற்சிக்கூடங்களின் பயிற்சிகளைக் கன்னட நண்பர்களிடம் கேட்டுச் சேர்ப்போம். அவர்கள் மொழியிலும் பட்டியலை அமைப்போம். எச்.எம்.டி.யினர் பிறரிடம் கற்று, இங்கேயே கடிகாரம் செய்து காட்டினர். கற்பதில் நமக்கும் கூச்சம் வேண்டா. கற்றதைக் கொண்டு நம் பயிற்சிகளுக்கு அவற்றின் பெயரையே சூட்டுவோம். இவ்வாண்டே தொடங்குவோம், வாரீர்!