பையை அவிழ்ப்பவர் யார்?

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில் தூசி உறிஞ்சும் யந்திரம் ஒன்று புதிதாக வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று அதற்குச் சந்தனம், குங்குமம் இட்டு, மாலை சாத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜை நடக்கும். முதலாளி முதல் மேஸ்திரி வரை எல்லோரும் கூடி நிற்பார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. துடைப்பத்தை நம்பியிருந்த இடத்துக்கு யந்திரம் வந்தது நல்ல காரியமே. ஆனால் சில வாரம் கழித்து அதன் பை நிரம்பும். அந்தப் பையை அவிழ்ப்பவர் யார், எங்கே நின்று அவிழ்க்கிறார், உள்ளே இருப்பதை எங்கே கொட்டுகிறார் என்று கேட்டால், பூஜைக்கு வந்த கூட்டத்தில் பதில் சொல்ல ஆள் இராது. பட்டறையிலேயே குறைந்த கூலி வாங்கும் கையாளைக் கூப்பிட்டு, "தம்பி, இதக் கொண்டுபோய்ப் பின்னால தட்டிட்டு வா" என்று சொல்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

யந்திரம் தூசியை அழிப்பதில்லை, சேர்த்து வைக்கிறது. பட்டறை முழுவதும் பரவிக் கிடந்த விஷத்தைத் திரட்டி ஒரு பைக்குள் அடைத்துத் தருகிறது. பலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இருந்த அபாயம், பை அவிழ்க்கும் அந்த ஐந்து நிமிஷத்தில் ஒருவனுக்கு மொத்தமாக வந்து சேர்கிறது. யந்திரம் வாங்கியதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணும் முதலாளிகள் இதைத்தான் கவனிப்பதில்லை.

மணலா ஆளைக் கொல்லும்?

வெறும் மணல்தானே என்று சிலர் சிரிக்கலாம். ஆற்றங்கரையில் குழந்தைகள் வீடு கட்டி விளையாடும் மணல் யாரையும் கொல்வதில்லைதான். ஆனால் பட்டறையில் அந்த மணல் படும் பாடு வேறு. அச்சில் அடைத்த மணலின் மேல் உருகிய இரும்பு பாய்கிறது. ஆறிய பிறகு அச்சை உடைக்கிறார்கள். வார்ப்பில் ஒட்டிய மணலைத் தட்டி உதிர்க்கிறார்கள். மிச்சத்தைச் சாணைச் சக்கரத்தில் பிடித்துத் தேய்க்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு மணல் மணலாக இருப்பதில்லை, மாவாகிவிடுகிறது. தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான். நுரையீரலின் அடிவரை போய்ச் சேரும் துகளோ 5 மைக்ரானுக்கும் சிறியது. அது கண்ணுக்குத் தெரியாது. இருமினாலும் திரும்பி வராது. போன இடத்தில் தங்கிப் புண்ணாக்கித் தழும்பாக்கி, மூச்சு விடும் இடத்தையே கெட்டிப்படுத்திவிடும். இதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். குணப்படுத்தும் மருந்து கிடையாது. வேலையை விட்டு வீட்டுக்குப் போன பின்பும் வியாதி முற்றிக்கொண்டே போகக்கூடும். காசநோயும் எளிதில் தொற்றும். இதெல்லாம் போதாதென்று, 1997-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்தது.

அமெரிக்க சர்க்கார் 2016-ல் விதித்த வரம்பு, எட்டு மணி நேர வேலையில் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம். ஒரு கிராமை இருபதாயிரம் பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு! அதே விதியில் இன்னொன்றும் உண்டு. வேறு வழி இருக்கும்போது இந்தத் தூசியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. நம் ஊர்ப் பட்டறைகளிலோ காலையில் முதல் வேலையே துடைப்பம். மாலையில் கடைசி வேலை கம்பரசர் குழாயால் சட்டையை ஊதிக்கொள்வது.

தண்ணீர் தெளித்துப் பெருக்கினால் போதாதா என்று கேட்கலாம். கல் அறுக்கும் இடத்திலும் கிரைண்டர் கல் கொத்தும் இடத்திலும் அது நல்ல யோசனை, செலவும் இல்லை. ஆனால் வார்ப்படப் பட்டறையில் உலோகம் ஊற்றும் இடத்துக்கு ஈரமே ஆகாது. ஈரத்தின் மேல் உருகிய இரும்பு விழுந்தால், தண்ணீர் கண நேரத்தில் ஆவியாகி வெடித்து, உலோகத்தை ஆள்மேல் வாரி இறைக்கும். ஆகவே அங்கே உறிஞ்சும் யந்திரம் ஆடம்பரமல்ல, அவசியம்.

மூன்று எழுத்துகள்

எந்த யந்திரம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1901-ல் லண்டனில் ஹியூபர்ட் பூத் என்ற இஞ்சினீயர் முதல் உறிஞ்சும் யந்திரத்தைச் செய்வதற்கு முன், ஒரு நாற்காலி மெத்தையின்மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தாராம். கைக்குட்டையில் அழுக்கு வட்டமாகப் படிந்தது. சாதாரண யந்திரங்களின் தத்துவம் இன்றும் அந்தக் கைக்குட்டைதான். பெரிய தூசி துணியில் நிற்கும். பொடித் தூசி துணிக்குள் நுழைந்து பின்பக்கம் போய்விடும். தரையில் சும்மா படிந்து கிடந்த சிலிகா மாவை எடுத்துச் சலித்து, கொல்லக்கூடிய பாகத்தை மட்டும் மூக்குக்கு நேரே ஊதிவிடுவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை! அது மணிக்கணக்கில் காற்றில் மிதந்துகொண்டிருக்கும்.

இதற்காகவே அபாயத் தூசி யந்திரங்களுக்கு எல், எம், எச் என்று மூன்று எழுத்து முத்திரைகளை சர்வதேசத் தரம் வகுத்திருக்கிறது. எல் முத்திரையுள்ள யந்திரத்தின் வடிகட்டி, லட்சம் பங்கு தூசியில் 1,000 பங்குவரை நழுவவிடலாம். எம் முத்திரைக்கு 100 பங்கு. எச் முத்திரைக்கு வெறும் 5. சிலிகாவுக்கு எல் போதாது. ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்கு எச் தவிர வேறெதையும் கிட்டே கொண்டுவரக் கூடாது. ஹெப்பா என்று விளம்பரங்களில் வரும் வடிகட்டி, 1940-களில் அணுகுண்டு ஆராய்ச்சிச் சாலைகளில் கதிரியக்கத் தூசியைப் பிடிப்பதற்காகப் பிறந்த சாமான். 0.3 மைக்ரான் துகளிலும் பத்தாயிரத்துக்கு 9,997-ஐப் பிடித்துவிடும். ஆனால் அது மெல்லிய கண்ணாடி இழைக் காகிதம். அதைத் தரையில் தட்டினாலும், கழுவினாலும், கம்பரசரால் ஊதினாலும் கிழியும். மயிரிழை அளவு கிழிந்தால் போதும். யந்திரம் முன்போலவே இரைந்து ஓடும், முன்போலவே உறிஞ்சும், பின்பக்கம் விஷத்தை ஊதும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. எச் முத்திரை யந்திரத்தை வருஷம் ஒரு முறையாவது கருவி வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பையை மாற்றுவதற்கும் முறை இருக்கிறது. முதலில் குழாயை வெறுங்காற்றில் தூக்கிப் பிடித்துச் சிறிது நேரம் ஓடவிட்டு, குழாய்க்குள் தங்கியதை இழுத்துவிட வேண்டும். பிறகு நிறுத்தி, மின்சாரப் பிளக்கைப் பிடுங்கி, குழாய் மாட்டும் வாயை மூடியால் அடைத்து, மேல்புறத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பையின் வாயை அதற்குரிய மூடியால் மூடி, கழுத்தை முறுக்கிக் கட்டி, அப்படியே இன்னொரு பைக்குள் போட வேண்டும். கொட்டுவது என்ற பேச்சே கூடாது. மின்விசிறிக்குக் கீழேயும் கூடாது, பட்டறையின் நடுவிலும் கூடாது. செய்பவர் முகத்தோடு ஒட்டி அடைக்கும் சுவாசக் கவசம் அணிய வேண்டும். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து மூக்கில் சுற்றிக்கொள்வதால் மனத் திருப்தி உண்டாகலாம். சிலிகாவுக்கு அந்தத் துண்டு திறந்த ஜன்னல். படிந்த சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதும் வேண்டாம். யந்திரத்தாலேயே சட்டையை உறிஞ்சிவிட்டு, மாற்றுடை போட்டுக்கொண்டு போகலாம்.

சர்க்கரையும் வெடிக்கும்

எல்லாத் தூசியும் நெஞ்சைப் பிடிப்பதோடு நிற்பதில்லை. 2008 பிப்ரவரி 7-ந் தேதி, அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துப் போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரில் சர்க்கரை ஆலை ஒன்று வெடித்து 14 பேர் மாண்டார்கள். வெடித்தது வெடிமருந்தல்ல, காப்பியில் போடும் அதே சர்க்கரையின் பொடி. மூடிய ஒரு பாதைக்குள் முதல் வெடி வெடித்தது. அந்த அதிர்ச்சியில், உத்தரங்களிலும் தரையிலும் நெடுநாளாகப் படிந்து கிடந்த பொடி கிளம்பிக் காற்றில் கலந்து, அடுத்தடுத்து வெடித்தது. அன்றாடம் துடைத்திருந்தால் அவ்வளவு உயிர் போயிராது.

அலுமினியப் பொடியும் இந்த ஜாதிதான். கோயமுத்தூர்ப் பட்டறைகளில் அலுமினிய வார்ப்பும் நடக்கிறது. இரும்புத் தூசி உறிஞ்சிய யந்திரத்தாலேயே அலுமினியப் பொடியையும் உறிஞ்சுவது பெரும் விபரீதம். சாணையிலிருந்து பறந்த நெருப்புப் பொறி ஒன்று உள்ளே போனால், பை முழுவதும் பற்றிக்கொள்ளும். மோட்டாரில் பிறக்கும் பொறியே போதும். பிளாஸ்டிக் குழாய் வழியே பொடி உரசிக்கொண்டு ஓடும்போது மின்சாரம் சேர்ந்து பொறி தட்டவும் இடமுண்டு. ஆகவே அதற்கென்றே முத்திரை பெற்ற யந்திரமும், மின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் குழாயும், சரியான எர்த்தும் வேண்டும். நனைந்த அலுமினியப் பொடியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால், அந்தப் பையில் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பதும் ஆபத்து.

செலவுக் கணக்கு

சிறு பட்டறைக்காரர்கள் சொல்லும் கஷ்டம் பொய்யல்ல. ஆர்டர் குறைந்த மாதத்தில் கூலி கொடுக்கவே திண்டாடுபவரிடம், அசல் பை வாங்கு, வடிகட்டி மாற்று என்றால் கசக்கத்தான் செய்யும். அதனாலேயே, யந்திரத்துக்குத் தாராளமாகக் கொடுத்த கை வடிகட்டிக்குக் கொடுக்கக் கூசுகிறது. ஒரு வருஷத்துக்கு வேண்டிய பை, வடிகட்டி, சுவாசக் கவசம் ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே யந்திரத்தின் விலை என்று கணக்குப் பார்க்க வேண்டும். அந்தத் தொகைக்குக் கட்டுப்படியாகாவிட்டால், நாலைந்து பட்டறைகள் சேர்ந்து நல்ல யந்திரம் ஒன்றை முறை வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு மட்ட யந்திரத்தைவிட அது மேல்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தில் 14-வது பிரிவு தூசிக்கும், 37-வது பிரிவு வெடிக்கும் தூசிக்குமே எழுதப்பட்டவை. 2025 நவம்பரில் அதன் இடத்தில் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. ஏடு மாறியதால் முதலாளியின் பொறுப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை. சோதனைக்கு வரும் அதிகாரிகள், மூலையில் நிற்கும் யந்திரத்தைப் பார்த்துவிட்டு "இருக்கிறது" என்று எழுதிக்கொண்டு போகாமல், அதன் கழுத்தில் ஒரு நோட்டுப் புஸ்தகம் தொங்குகிறதா என்று பார்க்கட்டும். கடைசியாகப் பை மாற்றியது என்றைக்கு, மாற்றியவர் பெயர் என்ன, அவருக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்தது எப்போது என்ற மூன்று விஷயங்களும் அதில் இருக்க வேண்டும். பெயர் எழுதவேண்டிய இடத்தில் "கையாள்" என்று மட்டும் இருந்தால், அந்த ஆளைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தி, அடுத்த பையை அவர் எப்படி மாற்றுகிறார் என்று அதிகாரி கூடவே நின்று பார்க்கட்டும். முதலாளியும் பக்கத்தில் நிற்கட்டும்.