கேம் மாஸ்டர்கிட்ட எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது? (நீண்ட இழை)

1/
"பையன் ஞாயித்துக்கிழமை ஆனா சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ரெண்டு ரூமுக்குப் போயி நாலு மணி நேரம் பகடை உருட்டுறான் டாக்டர், சூதாட்டமா இது?" ஓ.பி.யில ஒரு அம்மா கேட்டாங்க (அடையாளங்களை மாத்தியிருக்கேன்). விசாரிச்சா சூதாட்டம் இல்லை, காசே வைக்கறதில்லை. அந்தக் குழுவுக்குப் பையன்தான் கேம் மாஸ்டர். வாரம் பூரா ராத்திரி கண் முழிச்சு கதை தயார் பண்றான். கவலைப்பட வேண்டியது பகடையைப் பத்தி இல்லை, இந்தத் தூக்கத்தைப் பத்தி.

2/
தெரியாதவங்களுக்கு: டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்ல நாலஞ்சு பேர் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்குவாங்க. கேம் மாஸ்டர் சொல்வார்: "ராத்திரி பதினொன்றரை. சத்திரத்துல கடைசி ஸ்ரீரங்கம் பஸ் போயிடுச்சு. திடீர்னு கரண்ட் கட். மலைக்கோட்டை உச்சியில மட்டும் ஒரு விளக்கு எரியுது. என்ன பண்றீங்க?"

3/
ஒருத்தர் "படியேறிப் போய்ப் பார்க்கறேன்"பார். இன்னொருத்தர் "கடைப் பூட்டை உடைச்சு டார்ச் எடுக்கறேன்"பார். நடக்குமான்னு இருபது முகப் பகடையை உருட்டணும். எவ்வளவு விழுந்தா பூட்டு உடையும்? சத்தம் கேட்டு போலீஸ் வருமா? அதையெல்லாம் சொல்றது கேம் மாஸ்டர்.

4/
இந்த வேலை புதுசு இல்லை. 1824-ல பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர்ப் பயிற்சி விளையாட்டுலயே ஒரு நடுவர் உண்டு. 1974-ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவுல வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அந்தப் போர் விளையாட்டு மரபுல இருந்து கிளம்பினதுதான்.

5/
நம்ம ஊர்ல? வைகுண்ட ஏகாதசி ராத்திரி முழிச்சிருக்க பரமபதம் ஆடுவோம். அங்க பாம்பு கடிச்சா யாரையும் திட்ட முடியாது, தாயமும் கட்டமும்தான் முடிவு பண்ணுது. இங்க ஒரு மனுஷன் முடிவு பண்றார். அதனால நம்பிக்கை வேணும். தெருக்கூத்துக் கட்டியங்காரன் கொஞ்சம் கிட்ட வர்றான். ராஜாவை வரவேற்பான், கேள்வி கேட்பான், கூட்டத்தைச் சிரிக்க வைப்பான். ஆனா கதை அவனுது இல்லை.

6/
எனக்குத் தோணுற சரியான உவமை பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர். அவர் ஒரு பஸ்ஸும் ஓட்டறதில்லை. எந்த வண்டி எப்பக் கிளம்பணும்னு பார்ப்பார். ரெண்டு டிரைவர் ஒரு நிமிஷத்துக்காகச் சண்டை போட்டா நடுவுல நிப்பார். தெரிஞ்ச டிரைவருக்கு ரெண்டு நிமிஷம் கூடக் குடுத்தார்னா அன்னைக்கே மரியாதை போச்சு.

7/
ஆகவே கேம் மாஸ்டர்கிட்ட எதிர்பார்க்க வேண்டியது மூணு. ஒண்ணு, நேர்மை: நண்பனுக்கு ஒரு நியாயம், புதுசா வந்த பொண்ணுக்கு ஒரு நியாயம் கூடாது. ரெண்டு, தெளிவு: என்ன நடக்குதுன்னு எல்லாருக்கும் புரியணும். மூணு, இடம் குடுக்கறது: ஆட்டக்காரங்க எதிர்பாராத வழியில போனா, "என் கதை கெடுது"ன்னு மறிக்கக் கூடாது.

8/
எதிர்பார்க்கக் கூடாதது? சினிமாத் தரம். 2015-ல இருந்து 'கிரிட்டிக்கல் ரோல்'னு ஒரு நிகழ்ச்சி ஓடுது. அதை நடத்துறவங்க தொழில்முறைக் குரல் நடிகர்கள். அதைப் பார்த்துட்டு வந்து, செமஸ்டர் எழுதுற ஹாஸ்டல் பையன்கிட்ட பத்துக் குரல்ல பேசுன்னு கேட்டா அநியாயம்ங்க.

9/
இன்னொரு வழக்கம். கதை அவர் எழுதணும், விதி அவர் படிக்கணும், எல்லாருக்கும் போன் போட்டு நாள் குறிக்கணும், இடம் பிடிக்கணும். மத்தவங்க அரை மணி லேட்டா வந்து போனை நோண்டுவாங்க. ஓட்டல் சர்வரைக்கூட நாம இப்படி நடத்த மாட்டோம். ஆறு மாசத்துல அவர் விலகுவார், குழு கலையும். நஷ்டம் எல்லாருக்கும்தான்.

10/
என் கருத்து: விளையாட்டு நல்லா அமையற பொறுப்புல பாதி ஆட்டக்காரங்களுது. நேரத்துக்கு வாங்க. வரலைன்னா முந்தின நாளே சொல்லுங்க. உங்க பாத்திரத்தோட விதியை நீங்களே படிங்க. டீ, பஜ்ஜி செலவைப் பிரிச்சுக்கோங்க. ஒரு கதை முடிஞ்சதும் வேற ஒருத்தர் மாஸ்டரா உட்காருங்க. உட்கார்ந்து பார்த்தாதான் அந்தப் பாரம் தெரியும்.

11/
டாக்டரா ஒரு விஷயம். ஆரம்பிக்கும் முன்னாடியே எது வேண்டாம்னு பேசிக்கோங்க. தற்கொலை, பாலியல் வன்முறை, குழந்தை சாவு மாதிரி விஷயங்கள் யாருக்கு எந்தப் புண்ணைக் கிளறும்னு வெளியில தெரியாது. மேஜை நடுவுல ஒரு அட்டை வைங்க. யாராவது தொட்டா அந்தக் காட்சியை விட்டுடணும், காரணம் கேட்கக் கூடாது. நிறைய குழுக்கள்ல இருக்கற நல்ல பழக்கம் இது.

12/
அதே நேரம் கேம் மாஸ்டர் மனநல மருத்துவர் கிடையாது. (நானும்தான். நான் எம்.பி.பி.எஸ். டூட்டி டாக்டர்.) கூட ஆடுறவர் நிஜமாவே உடைஞ்சு போயிருக்கார்னு தெரிஞ்சா கதைக்குள்ள வச்சு சரி பண்ணப் பார்க்காதீங்க. 14416 டெலி மானஸ், இல்லைன்னா 104-க்கு போன் பண்ண வைங்க. கூடவே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வாங்க.

13/
பெற்றோருக்கு: 1980கள்ல அமெரிக்காவுல இந்த விளையாட்டு பிள்ளைங்களைச் சாத்தான் வழிபாட்டுக்கும் தற்கொலைக்கும் தள்ளுதுன்னு பெரிய பீதி கிளம்புச்சு. அப்படி ஒரு காரணத் தொடர்பு நிரூபணம் ஆகலை. நீங்க பார்க்க வேண்டியது தூக்கம், சாப்பாடு, படிப்பு. அது மூணும் சரியா இருந்தா, நாலு பேர் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிச் சிரிக்கறது இந்த மொபைல் காலத்துல கிடைக்காத மருந்து.

14/
அந்தப் பையனுக்கு நான் எழுதிக் குடுத்தது இவ்வளவுதான்: தயாரிப்புக்கு வாரம் ரெண்டு மணி நேரம், ராத்திரி பதினொண்ணுக்கு விளக்கை அணைக்கணும், அடுத்த கதையை வேற ஒருத்தர் நடத்தணும். மாத்திரை எதுவும் இல்லை.

உங்க குழுவுல கேம் மாஸ்டர் இருந்தா இந்த வாரம் ஒரு வார்த்தை கேளுங்க: "அடுத்தது நான் நடத்தட்டுமா?"