செவிலியின் கடமை

உயிர்களிடத்து இரக்கங் கொள்ளுதல் நன்றென்பதை மறுப்பார் ஒருவருமிலர். ஆயினும், அவ்விரக்கம் எத்துணைத் தூரம் நம்முடன் நடந்து வரும் என்பதே ஆராய்தற்குரியது. தெருவோரத்திற் கிடந்து முனகும் நாய்க்குட்டியைக் கண்டு 'ஐயோ பாவம்' என்பார் பலர். ஒரு துண்டு ரொட்டியை எறிந்து செல்வார் சிலர். அதனைத் துணியிற் சுற்றி எடுத்து மருத்துவரிடங் கொண்டுசென்று, பிழைத்தெழுமளவும் தம் மனையில் வைத்துப் பேணுவார் மிகச் சிலரே. இம்மூன்றாங் கூட்டத்தாரைப் பெருக்குதல் நம் மாணவரால் இயலும் என்றும், அதற்கு இரக்கத்தோடு அறிவும் ஒழுங்கும் வேண்டும் என்றும் ஈண்டுக் கூற விரும்புகின்றோம்.

நம் உப்பளத்தில் இக்காட்சிக்குக் குறைவில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில், வாய்க்காற் கரையிலும் நிறுத்திவைத்த வண்டிகளின் அடியிலும் ஒண்டிக் கிடக்குங் குட்டிகளைக் காணாதார் யார்? பெண்குட்டிகள் என்ற ஒரே காரணத்தால் அட்டைப் பெட்டியிலிட்டுக் கொண்டுவந்து விடப்பட்டனவும் அவற்றுள் உள.

இக்குட்டிகளை மாய்க்கும் நோய்களுள் மிகக் கொடியது பார்வோ என்னும் நச்சுயிரியால் வருவது. நாய்களைத் தாக்கும் இவ்வகை 1978-ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் உலகெங்கும் பரவிற்று. நோயுற்ற நாயின் மலத்தின் வழியே வெளிப்பட்டு, மற்றொரு குட்டியின் வாய்வழியே உட்புகுந்து, ஒரு கிழமையளவில் இது தன் கொடுமையைக் காட்டும். குடலின் உட்சுவரையும், வெள்ளணுக்களைப் பிறப்பிக்கும் எலும்பு மச்சையையும் ஒருங்கே தாக்குதலின், வாந்தியும் இரத்தங் கலந்த கழிச்சலுங் கண்டு உடலின் நீர் வற்றும். குடலிலுள்ள கிருமிகள் குருதியிற் கலக்கும். எதிர்த்துப் போராட உடலில் வலிமையும் இராது. கவனிப்பாரின்றி விடப்பட்டவற்றுள் பத்துக்கு ஒன்பது மடியும். உரிய காலத்தில் நாளத்தின் வழியே நீரேற்றி, வாந்தியை நிறுத்தி, கிருமிகளை அடக்கும் மருந்துங் கொடுத்துப் பேணினாலோ, பத்துக்கு எட்டேனும் பிழைக்கும் என்பர் மருத்துவர். இவ்விரு கணக்கிற்கும் இடையே நிற்பது ஐந்தாறு நாட் பராமரிப்பேயாகும். அவ்வைந்தாறு நாளைத் தருவதற்கு ஒரு வீடு வேண்டும் என்பதே நம் வேண்டுகோளின் சாரம்.

இவ்வாறு தற்காலிகமாய் ஏற்றுப் பேணுதலை மேனாட்டார் ஒரு முறையாகவே அமைத்து நடத்துகின்றனர். நமக்கோ அதற்குரிய சொல்லே பண்டுதொட்டு உண்டு. பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலித்தாய். அச்சொல்லே இக்காலத்தில் மருத்துவமனையில் நோயாளரைப் பேணுவார்க்கும் பெயராயிற்று. நோயுற்ற குட்டியை ஏற்பவர் இவ்விரு பொருளிலும் செவிலியாவர். மேலும், செவிலி தான் வளர்த்த மகளைத் தன்னிடமே நிறுத்திக்கொள்பவள் அல்லள். மகள் வாழப் புகுந்த மனைக்குச் சென்று, அவள் இல்லறம் நடத்துஞ் சிறப்பைக் கண்டு மகிழ்ந்து, மீண்டு வந்து நற்றாய்க்கு உரைப்பவளாகவே அகப்பாடல்கள் அவளைக் காட்டுகின்றன. பேணுதலும், பேணியபின் மனமுவந்து விடுத்தலும் ஆகிய இரண்டுஞ் சேர்ந்ததே செவிலியின் அறம்.

அவ்வறத்திற்குச் சில ஒழுங்குகள் உள. முதலாவது, நோயுற்ற குட்டியைத் தனியிடத்தில் வைத்தல். பார்வோ நச்சுயிரி மண்ணிலும் தரையிலும் பல திங்கள், சிற்சில இடங்களில் ஓராண்டுகூட, அழியாது கிடக்கும். வெறுஞ் சவர்க்காரத்திற்கு அஃது அஞ்சுவதன்று. பிளீச்சிங் பௌடர் கரைத்த நீரே அதனைக் கொல்லும். ஆதலின், தடுப்பூசி போடாத வேறு நாய் உள்ள வீட்டார் இத்தகைய குட்டியை ஏற்றல் ஆகாது. நாய்க்கு வரும் இப்பார்வோ மனிதரைப் பற்றாது என்பது உண்மை. ஆயினும் வெறிநாய்க்கடி நோய் குட்டிகளுக்கும் உண்டு. 'சிறு குட்டிதானே' என்று கடியையும் கீறலையும் அசட்டை செய்தல் பேதைமை. உடனே சவர்க்காரமும் ஓடும் நீருங் கொண்டு பதினைந்து நிமிடங் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

இரண்டாவது, அன்பின் மிகுதியால் நாமே மருத்துவராகிவிடாதிருத்தல். வாந்தியெடுக்குங் குட்டிக்குப் பாலைப் புகட்டுவதும், மனிதர் உண்ணும் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும் கொலைக்கு ஒப்பான இரக்கமாம். நம் புதுவையிலேயே இராஜீவ் காந்தியின் பெயரால் கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் ஒன்று விளங்குகின்றது. கற்றவரை நாடிச் செல்லாமைக்கு நமக்குச் சாக்கு இல்லை.

மூன்றாவது, தொடங்கியதை முடித்தல். ஆறு முதல் எட்டுக் கிழமை அகவையில் தொடங்கி, பதினாறாம் கிழமை வரையில், இரண்டு முதல் நான்கு கிழமைகளுக்கு ஒருமுறை தடுப்பூசி போடப்பெறல் வேண்டும். மூன்று திங்கள் நிறைந்தபின் வெறிநோய்த் தடுப்பூசியும் வேண்டும். அதன்பின் நல்லதொரு குடும்பத்தைத் தேடி ஒப்படைத்தல் கடன். பாதி தேறிய குட்டியை மீண்டும் தெருவில் விடுதல் மருத்துவத்தையும் செலவையும் கடலிற் கரைத்ததாய் முடியும்.

'மனிதர் பசித்திருக்க நாய்க்கு மருந்தோ?' என்று வினவுவார் உளர். அவ்வினாவை நாம் எள்ளுதல் செய்யோம். ஆயினும், நம் தெருக்களில் நாய்க்குப் பழஞ்சோறு வைப்பவர் யாவரென உற்று நோக்குமின். மீன்கூடை சுமக்கும் முதியவளும், தேநீர்க் கடையிற் பணிசெய்யும் சிறுவனுமே பெரும்பாலார். பசியை அறிந்தவர் இவ்வினாவை எழுப்பக் காண்கிலோம். அன்றியும், தடுப்பூசி பெற்று ஒரு வீட்டிற் சேர்ந்த குட்டி, தெருவில் ஆடும் ஏழைக் குழந்தைக்கு அச்சந் தரும் நாயொன்றைக் குறைத்ததாகும்.

நாட்டின் சட்டமும் இதுபற்றி மௌனமாயில்லை. உணவும் நீருமின்றி வருந்துமாறு விலங்கைக் கைவிடுதல் குற்றமென 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் கூறும். உயிர்களிடத்துப் பரிவு காட்டுதல் குடிமக்களின் கடமையென அரசியலமைப்பில் 1976-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டது. மற்றொரு புறம், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு அரங்குகள், பேருந்து, இரயில் நிலையங்கள் ஆகியவற்றினின்றும் தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களிற் சேர்க்குமாறு 2025-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இந்திரா காந்தி விளையாட்டரங்கைத் தன்னிடத்தே கொண்ட உப்பளத்திற்கு இவ்வாணை தொலைவிலுள்ள செய்தியன்று. நாயை அஞ்சுவோர் ஆணையைப் போற்றினர்; நாயை நேசிப்போர் வருந்தினர். இருசாராரும் ஒருங்கே நடக்கத்தக்க வழியொன்று உளதேல், அது செவிலி வீடேயாம். வளாகத்தில் நாய் இல்லாதிருத்தலை விரும்புவார்க்கும், குட்டி உயிரோடிருத்தலை விரும்புவார்க்கும் அதனால் ஒருங்கே பயன் உண்டு.

இனி, எல்லாம் செய்தும் குட்டி இறந்துபடுமாயின் யாது செய்வது? பத்துக்கு இரண்டு இறக்கும் என்பதும் அக்கணக்கில் உள்ளதன்றோ? தீராப் பிணியில் துடிக்கும் நாய்க்குத் தகுதிபெற்ற மருத்துவர் வாயிலாக வலியற்ற முடிவளித்தலை 2023-ஆம் ஆண்டின் விதிகளும் ஏற்கின்றன. அம்முடிவிலும் உடனிருத்தல் செவிலியின் கடமையே. திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் பசு இலக்குமியின் சமாதியோடு ஜாக்கி என்னும் நாய்க்கும் ஒரு சமாதி உண்டு. நோயுற்ற அந்நாய்க்கு மெத்தென்ற படுக்கை அமைத்து, உடல் நாறியபோதும் அருவருப்பின்றி, இறுதிவரை இரமணர் பேணினார் என்பர். பிழைக்காத உயிருக்குச் செய்த பணி வீணாகுமென அவர் கருதவில்லை, நாமுங் கருதற்பாலதன்று.

ஆதலின் மாணவ நண்பர்காள், நாம் வேண்டுவது பெரியதொன்றன்று. வேறு நாய் இல்லாத மூன்று வீடுகள், குட்டியைத் தனியே வைக்க ஒரு சிறு அறை, மாதந்தோறும் ஒவ்வொருவரும் இடுஞ் சிறு தொகையால் ஆகிய பொதுநிதி, அழைத்தால் ஆலோசனை கூறும் ஒரு கால்நடை மருத்துவர், இவை போதும். இரவில் யார் விழித்திருப்பது, பகலில் யார் மருத்துவரிடங் கொண்டுசெல்வது என்று முறை வகுத்துக்கொண்டால் பாடங்களும் கெடா. பட்டம் பெற்று வெளியேறிய பழைய மாணவர்கள் நிதிக்கு உதவலாம். ஆசிரியப் பெருமக்கள் வீடு தேடித் தரலாம். அடுத்த கார்த்திகை மழை வருமுன் இவ்வேற்பாடு அமைந்துவிடுமாயின், அம்மழையில் நனைந்து கிடக்கும் முதற் குட்டிக்குப் போக்கிடம் ஒன்று இருக்கும்.