"தமிழ்ப்பள்ளிக்கு இது போதும்!" – எது போதும்?



நூலகத்திற்கு இடமில்லை, பாலர் பள்ளிக்கு அறையில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் உடனே ஒரு குரல் எழும்: "ஒரு கேபின் வாங்கிப் போட்டுவிடலாம்."

கேபின் வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. வாங்கும் முறையைத்தான் எதிர்க்கிறேன். குத்தகையாளர் நீட்டும் வண்ணப்படத்தைப் பார்க்கிறோம். புதுச்சாயம் மின்னுகிறது, குளிரூட்டி தெரிகிறது, விலையும் குறைவு. கையொப்பமிட்டுத் திறப்பு விழாவுக்கு மாலை வாங்கப் போய்விடுகிறோம். சுவருக்குள் என்ன இருக்கிறது, தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர் எவரேனும் இருந்தால், அவருக்குக் "குறை காண்பவர்" என்ற பட்டம்!

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் 'டிராவல் டிரெய்லர்' எனும் வண்டிவீடும் நம் கேபினும் ஏறத்தாழ ஒரே இனம்தான். இரும்புச் சட்டம், மெல்லிய சுவர், பசையிட்டு அழுத்திய பலகை. 2005ஆம் ஆண்டு கத்ரீனா சூறாவளியில் வீடிழந்தோரை அந்நாட்டு அரசு இத்தகைய வண்டிவீடுகளில் குடியமர்த்தியது. கண்ணெரிச்சல், மூச்சுக்கோளாறு என மக்கள் முறையிட்டனர். பின்னர் 519 வீடுகளில் காற்றைச் சோதித்தனர். 100 கோடிக்குச் சராசரியாக 77 பங்கு ஃபார்மால்டிஹைடு இருந்தது. வழக்கமான வீடுகளில் இருப்பதைவிட இது மிகுதி. கோடை வருமுன் வெளியேறுங்கள் என்று 2008இல் அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் அறிவுறுத்தினர். வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் பலகைப் பசையிலிருந்து அவ்வாயு மேலும் கசியும் என்பதே காரணம். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் கோடைதானே!

ஆகவே, பணம் கொடுக்குமுன் நேரில் சென்று பாருங்கள்.

1. பூட்டிக் கிடந்த கேபினைத் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். கண் கரித்தால் அது 'புதுப்பொருள் வாசம்' அன்று. பலகையின் உமிழ்வுத் தரச் சான்றினைக் கேளுங்கள். வாசம் இல்லையெனினும் சான்று வேண்டும்.

2. குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள். சட்டத்தின் பற்றவைப்பு முழுமையா, புள்ளி புள்ளியாகவா? துருவின் மேல் சாயம் பூசியிருக்கிறார்களா?

3. தரையின் நடுவிலும் ஓரங்களிலும் அழுத்தி நடங்கள். அமிழ்ந்தால் பலகை மெல்லியது. அல்லது தாங்குசட்டங்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன.

4. கதவுச் சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். சமமாக இல்லையெனில் சட்டம் கோணியிருக்கிறது. நம் மாணவர்களே அளந்து சொல்லக்கூடிய கணக்கு இது.

5. கூரையின் மீது நீரைப் பாய்ச்சச் சொல்லுங்கள். மூலைகளில் பழுப்புக் கறை இருந்தால் முன்பே ஒழுகிய கேபின் அது.

6. சுவரின் உள்ளே என்ன நிரப்பியிருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பாலிஸ்டிரீன் நுரை தீப்பற்றினால் கரும்புகை சூழும், பாறைப்பஞ்சு எரியாது. வெளிப்புறம் திறக்கும் இரண்டு கதவுகளும் வேண்டும்.

"நாங்கள் பொறியியலாளர்கள் அல்லரே" என்பார்கள். மூக்கும் காலும் அளவுநாடாவும் பொறியியலாளர்க்கு மட்டுமா உரியவை? மின்கம்பி இணைப்புக்கும் தீயணைப்புக்கும் தகுதி பெற்றவரை அழைத்துக் காட்டுங்கள். கேபினின் விலையோடு ஒப்பிட்டால் அச்செலவு சிறிது.

"நன்கொடையாக வருவதை ஆராயலாமா?" என்பார் இன்னொருவர். தாராளமாக ஆராயலாம்! கொடுத்தவர் ஒருநாள் வந்து நாடா வெட்டிச் செல்வார். நம் பிள்ளைகளோ நாள்தோறும் அதற்குள் அமர்ந்து மூச்சு விட வேண்டும்.

நம் வீட்டுக்குக் கதவு வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம், தடவிப் பார்க்கிறோம், நான்கு கடை ஏறி இறங்குகிறோம். பள்ளிக்கு என்றால் மட்டும் "இது போதும்" என்கிறோம். ஏழ்மையை இதற்குக் காரணமாகச் சொல்லாதீர்கள். பிறர் நம்மைக் குறைத்து மதிப்பிடுமுன் நாமே நம்மைக் குறைத்து மதிப்பிட்டுக்கொள்ளும் நோய் இது.

அடுத்த கூட்டத்தில் கேபின் பற்றிய பேச்சு வந்தால் கையுயர்த்திக் கேளுங்கள்: "நேரில் போய்ப் பார்த்தவர் யார்?" விடை வரும்வரை கையொப்பம் இடாதீர்கள்.