பரப்பும் பேர்ச்சும்: சிறு நிலத்தின் லாபம் யாருக்கு?

சிறு தேயிலைத் தோட்டக்காரர்தான் திறமையாக உற்பத்தி செய்கிறார்கள், பெரிய தோட்டங்கள் நட்டத்தில் ஓடுகின்றன என்று கம்பனிப் பக்கம் அடிக்கடி சொல்லப்படுகிறது. நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்குக் கிட்ட சிறு தோட்டங்களில் இருந்து வருவது உண்மைதான். அதைக் காட்டித்தான் நமக்கு ஆளுக்கொரு துண்டு மலையைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோக் கணக்கில் வாங்கும் 'அவுட்குரோவர்' முறையை முன்வைக்கிறார்கள். கையெழுத்துப் போடுமுன் யோசிப்போம்.

சிறு நிலத்தில் ஏக்கருக்கு விளைச்சல் கூடுகிறது என்பதை இந்தியப் பண்ணைக் கணக்குகளைக் கொண்டு அமர்த்தியா சென் 1962இலேயே எழுதினார். இதில் மாயம் எதுவும் இல்லை. குடும்பம் முழுவதும் நேரம் பாராமல், கூலி கேளாமல் உழைக்கிறது. ஏக்கர்க் கணக்கு நன்றாக இருக்கும். ஓர் ஆளின் ஒருநாள் உழைப்புக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கையும் பார்க்க வேண்டும்.

ஆடி அமாவாசைக்குக் கீரிமலை போகிறவர்கள் கேணியோடு திரும்பிவிடாமல், வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களையும் பாருங்கள். அங்கே காணியைப் பரப்பில் அளப்பார்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர். சில பரப்புக் காணியில் கிணற்று நீரை இறைத்து, எருவும் இலைகுழையும் தாட்டு, வெங்காயம், மிளகாய், புகையிலை என்று மாற்றி மாற்றி விளைவிப்பார்கள். காணி உறுதி அவர்கள் கையில். எதை நடுவது, யாருக்கு விற்பது என்பதும் அவர்கள் முடிவு. 1990இல் யுத்தம் விரட்டி, காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனபோது, அதே கெட்டிக்காரக் கமக்காரர் பலர் முகாம்களில் இருந்து கூலி வேலை தேடினார்கள். அவர்களின் திறமை குறையவில்லை, காணிதான் போனது.

நமக்குத் தருவதாகச் சொல்லும் துண்டில் இந்த உரிமைகள் எங்கே? காணி கம்பனியின் குத்தகையிலேயே இருக்கும். கொழுந்தை வேறு தொழிற்சாலைக்குக் கொடுக்க முடியாது. உரச்செலவைக் கொழுந்துக் காசில் கழிப்பார்கள். வரட்சி வந்தால் நட்டம் நமக்கு. நாட்கூலி போனால் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் சேவைக்காலப் பணமும் போய்விடும். உண்மையான சிறு தோட்டக்காரருக்கோ தனி அதிகார சபை உண்டு, மறுநடுகை மானியம் உண்டு. நமக்கு வீட்டுக்கென்று எழுதிய 7 பேர்ச், யாழ்ப்பாணக் கணக்கில் ஒரு பரப்புக்கூட இல்லை!

1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் காணி கைமாறியது. மலையை வெட்டித் திருத்தியவர்களின் பிள்ளைகளுக்கு அது வரவில்லை. இன்னொரு முறை ஏமாற வேண்டாம்.

சிறு தோட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தருவதானால் உறுதியோடு தாருங்கள். ஆண் பெயரில் மட்டுமல்லாமல், கொழுந்து பறிக்கும் பெண்ணின் பெயரும் சேரட்டும். விலையை எழுத்தில் சொல்லுங்கள். விரும்பிய இடத்தில் விற்க விடுங்கள். அதுவரை உழைத்த காலத்துக்கான சேவைக்காலப் பணத்தை முழுதாகக் கட்டுங்கள்.

இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வரும்வரை, தனித்தனியாக எந்தத் தாளிலும் ஒப்பம் வைக்காதீர்கள். தாள் வந்தால் முதலில் தோட்டக் கமிட்டிக்குக் கொண்டு வாருங்கள்.