அது லேமுவேலின் பிரசங்கம்

வருடம் தவறாமல் ஜூலை மாதக் கூட்டங்களில் இந்தப் பேச்சைக் கேட்டுவருகிறேன். அமெரிக்க விடுதலையைப் பெற்றுத் தந்ததே பிரசங்க பீடம்தானாம். போதகர்கள் அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் துப்பாக்கி தூக்கினார்களாம். கறுப்பு அங்கிப் போதகர்களின் அந்தக் 'கறுப்புப் படை' எல்லா மனிதருக்கும் சுதந்திரம் கேட்டதாம். அவர்களுடையது, 1834இல் மதுரைக்கு மிஷனரிகளை அனுப்பிய அதே காங்கிரகேஷனல் மரபு என்பதால் பேச்சாளர்களுக்குக் குரல் இன்னும் உயர்கிறது. கேட்டுப் பொறுத்தது போதும்.

அங்கியைக் கழற்றியதாகச் சொல்லப்படும் பீட்டர் மியூலன்பர்க் லூத்தரன் சபைக்காரர். 'கறுப்புப் படை' என்பதும் அரச விசுவாசியான பீட்டர் ஆலிவர் வசையாக எழுதிய சொல். எல்லாப் போதகரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்பதும் பொய். பாஸ்டனில் மேதர் பைல்ஸ் மன்னர் பக்கம் நின்றார். 1776இல் சபையாரே அவரை விலக்கினார்கள்.

எல்லோருக்கும் சுதந்திரம் கேட்டார்களா? மாசசூசெட்ஸில் காங்கிரகேஷனல் போதகரின் சம்பளம் ஊர் வரியிலிருந்து போனது. மனசாட்சிப்படி மறுத்த பாப்டிஸ்டுகளை வரிக்காக வதைத்தார்கள். 1833 வரை அந்த வரி ஏற்பாடு ஒழியவில்லை. நியூபோர்ட் போதகர் எஸ்ரா ஸ்டைல்ஸ், கப்பலில் ஒரு பீப்பாய் ரம் அனுப்பி அதற்கு ஈடாக ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனை வாங்கினார். 1778இல்தான் அவனை விடுவித்தார். விடுதலை பேசிய நாக்கு, வீட்டுக்குள் அடிமையை ஏவிக்கொண்டிருந்தது.

இந்தப் பேச்சாளர்கள் ஒருமுறைகூட உச்சரிக்காத பெயர் லேமுவேல் ஹேய்ன்ஸ். 1753இல் பிறந்தார், தகப்பன் ஆப்பிரிக்கர், தாய் வெள்ளைக்காரி. இருவரும் கைவிட, ஐந்து மாதக் குழந்தையாகவே கிரான்வில்லில் டீக்கன் டேவிட் ரோஸ் வீட்டில் ஒப்பந்த வேலையாளாக விடப்பட்டார். இருபத்தோரு வயதுவரை உழைக்க வேண்டும். பகலெல்லாம் வயல்வேலை, இரவில் கணப்பு வெளிச்சத்தில் படிப்பு. சனிக்கிழமை இரவுகளில் பெரிய போதகர் யாருடைய பிரசங்கத்தையாவது குடும்பத்துக்கு வாசித்துக் காட்டுவார். ஒரு சனி இரவு, தானே எழுதியதைப் புத்தகத்துக்குள் செருகி வைத்து வாசித்தார். டீக்கனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. யாருடையது, புகழ்பெற்ற போதகர் ஒயிட்ஃபீல்டுடையதா என்று கேட்டார். லேமுவேலின் பிரசங்கம் என்று பதில் வந்தது.

1774இல் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர்ப்படையில் சேர்ந்தார். லெக்சிங்டன் சண்டைக்குப் பின் பாஸ்டனை நோக்கி நடந்தார். 1776இல் டைகாண்டரோகா கோட்டைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பினார். அந்தச் சமயத்தில், சுதந்திரப் பிரகடனத்தின் சமத்துவ வரியையே முகப்பு மேற்கோளாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கிலேயனுக்குள்ள உரிமை ஆப்பிரிக்கனுக்கும் உண்டு, இதை மறுத்துக்கொண்டு கொடுங்கோன்மையை எதிர்க்க முடியாது என்று அதில் வாதாடினார். 1785இல் குருப்பட்டம் பெற்றார். வெர்மான்ட்டின் மேற்கு ரட்லண்டில் வெள்ளையர் சபைக்கு முப்பது வருடம் போதகராயிருந்தார். ஆனால் அந்தக் கட்டுரை அவர் கண்மூடும்வரை அச்சேறவில்லை. 1983இல்தான் அச்சைப் பார்த்தது.

அடுத்த ஜூலையில் மேடை ஏறுகிறவர், தம் பேச்சை மடித்து வைத்துவிட்டு அந்தக் கட்டுரையை முதல் வரியிலிருந்து வாசிக்கட்டும். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.